மறதிப் பரீட்சையில் முதல் மார்க்

கைத்தறித் தொழிலாளர் நல நிதி வாரியத்தின் சங்கரன்கோவில் கிளைக்கு எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு முன்னால் அங்கே வெள்ளத்துரை இருந்தார்.

வெள்ளத்துரை ரிக்கார்டு கிளார்க். நெசவாளி ஒருவர் வாசற்படி ஏறும்போதே அவர் மர அலமாரிப் பக்கம் திரும்பிவிடுவார். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைப்பதற்குள், போட்டோ ஒட்டிய அவருடைய அட்டை மேஜைக்கு வந்துவிடும். இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஒரே ஜன்னலில் இத்தனை வருஷம் உட்கார்ந்தால் யாருக்கும் முகங்கள் மனசில் படியத்தான் செய்யும். பஸ் கண்டக்டருக்குக்கூட அது உண்டு. "என்ன பாய், இன்னைக்கும் எலுமிச்சங்கா மூட்டை மேலதான் உக்காந்து வந்தீரா?" என்று புளியங்குடியிலிருந்து வந்தவரைக் கேட்டுக்கொண்டே, வைத்தியத்துக்கோ உதவிப் பணத்துக்கோ வேண்டிய உறுப்பினர் சான்றை எழுதி, முத்திரை குத்தி, மேலாளர் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவார். புளியங்குடிக்காரர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஓர் அரசாங்கக் காரியம் இவ்வளவு லேசாக முடிவதைப் பார்த்து மெட்ராஸில் யாருக்கோ வயிறு எரிந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குத் தனி அறை ஒதுக்கி ஏசி வைத்தார்கள். மற்றவர்களுக்கு மின்விசிறிகூட மேலாளர் தலைக்கு மேல் ஓடுவதைப் பார்த்துக்கொள்வதோடு சரி. மேலாளர் சங்கரபாண்டியன் கோயிலில் அர்ச்சனை செய்து, கொண்டுவந்த குங்குமத்தைத் திரையின் நெற்றியில் வைத்தார். அதை உடனே துடைக்கச் சொன்னவர்தான் அறிவுடைநம்பி. வாரியத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி. கிளை முழுப் பாதுகாப்பு அடையும்வரை ஊரைவிட்டுப் போவதில்லை என்று சபதம் செய்து லாட்ஜில் அறை எடுத்திருந்தார்.

திறப்பு விழாவில் அவர் பேசினார்.

"நண்பர்களே! இதுவரைக்கும் இந்த ஆபீஸ்ல தகவல் எங்கே இருந்தது? சாதாரண மர அலமாரியில. தேவைப்பட்டவங்களுக்கெல்லாம் தேவைப்பட்ட நேரத்துல கிடைச்சுக்கிட்டு இருந்தது. சொல்லவே வெட்கமா இருக்கு. இந்த அவலம் இன்னையோட ஒழியுது!"

எல்லாரும் கைதட்டினார்கள். வெள்ளத்துரையும் தட்டினார். பிறகு காப்பி வந்தது.

அடுத்தது பாஸ்வேர்டு. ஆளுக்கு ஒரு ரகசியச் சொல்லை எழுதித் தரும்படி அறிவுடைநம்பி துண்டுக் காகிதம் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் 'கோமதி' என்று எழுதியிருந்தார்கள்.

"என்னய்யா இது? திருட வர்றவன் முதல்ல இந்தப் பேரைத்தானே அடிச்சுப் பார்ப்பான்?"

"ஆமா சார்," என்றார் சங்கரபாண்டியன். "இந்த ஊர்ல திருடனும் அம்மன் பேரைச் சொல்லித்தான் தொழிலுக்குக் கெளம்புவான்."

கடைசியில் பாஸ்வேர்டை இரண்டாக வெட்டுவது என்று முடிவாயிற்று. முதல் பாதியை மேலாளர் தனக்குள் வைத்துக்கொள்வார். இரண்டாம் பாதி, டைப்பிஸ்டாக இருந்து ஆபரேட்டராக உயர்ந்த அன்னக்கிளிக்கு. ஒருவர் பாதி இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. எழுதக் கூடாது, சொல்லக் கூடாது, போனில் உச்சரிக்கவே கூடாது. இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்த் தட்டிவிட்டு வர வேண்டும்.

"நம்ம ஊர் சாமியே பாதி சிவன், பாதி பெருமாளு சார். எங்களுக்கு இது பழக்கந்தான்," என்று சங்கரபாண்டியன் சொன்னார். உள்ளூர் மக்களின் பேராதரவு என்று அறிவுடைநம்பி அதை மேலிடத்துக்கு எழுதிக்கொண்டார்.

மெட்ராஸில் அட்டைகளையெல்லாம் பார்த்து அடித்து, ஃபிளாப்பிகளில் ஏற்றி அனுப்பினார்கள். அட்டைகளும் திரும்பி வந்தன. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருப்பது ஆபத்து என்பதால் ஆபீஸுக்குப் பின்னால், கிணற்றடியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அட்டை ட்ரேயைத் தீயில் கவிழ்க்கிற கௌரவம் வெள்ளத்துரைக்குக் கிடைத்தது. போட்டோக்கள் சுருண்டு, நெளிந்து, ஒவ்வொரு முகமாகக் கறுத்தன. கண்ணில் புகை பட்டதுபோல அவர் துண்டை எடுத்துக்கொண்டார்.

தீ அணைந்த பிறகு அறிவுடைநம்பி ஒரு கேள்வி கேட்டார். "அட்டையை எரிச்சாச்சு. வெள்ளத்துரையை என்ன செய்யறது?"

சங்கரபாண்டியன் மண்ணெண்ணெய் டின்னைக் காலால் தள்ளிவைத்தார். "சார், அவரு புள்ளகுட்டிக்காரரு."

"அவர் தலையில இருக்கறதைச் சொல்றேன். அதுவும் ஒரு காப்பிதானே? பூட்டு இல்லாத காப்பி. சாயங்காலம் ஆனா ஆபீஸை விட்டு வெளியே போகுது. டீக்கடையில உட்காருது. தெருவுல யாரையாவது பார்த்தா பேர் சொல்லிக் கூப்பிடுது. இதுக்கு மேல ஒரு அபாயம் இருக்க முடியுமா?"

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இனி ரிக்கார்டு கிளார்க் எந்த உறுப்பினரையும் பார்வையால் அறிந்துகொள்ளக் கூடாது. அறிந்திருந்தால் உடனே மறந்துவிட வேண்டும். உறுப்பினர் பெயரைக் கம்ப்யூட்டர் அச்சிட்டால், அச்சிட்டபடி மூன்று முறை கூப்பிடலாம். நான்காம் முறை கூப்பிடுவது சொந்த அக்கறையாகக் கருதப்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும். மறதியில் முன்னேற்றம் திங்கட்கிழமைதோறும் பரீட்சை வைத்துச் சோதிக்கப்படும். தேறாதவர் வேலையில் நீடிக்க முடியாது.

அந்த வாரந்தான் பாதுஷா வந்தார். எலுமிச்சை மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற அதே புளியங்குடித் தறிக்காரர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸ்வரை நடந்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்திருந்தார். துண்டை வாயில் பொத்தி இருமியபோது துண்டில் சிவப்பாகப் பட்டது. அதை மடித்து உள்பக்கமாக வைத்துக்கொண்டார்.

"டாக்டர் எழுதிட்டாரு அண்ணாச்சி. டி.பி. நெஞ்சு முழுக்க அரிச்சிருக்காம். சானடோரியத்துல நம்ம ஆளுகளுக்குன்னு வாரியக் கட்டில் காலியாக் கெடக்காம். உங்க சான்று வந்தாப் படுத்துக்கிடலாம், உசுருக்குப் பயமில்லன்னு சொல்லுதாரு."

வெள்ளத்துரை பழக்கதோஷத்தில் அலமாரிப் பக்கம் திரும்பினார். அலமாரி இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது.

"இனிமே கம்ப்யூட்டர்தான் குடுக்கும் பாய். ஒரு நிமிசந்தான். இன்னா வாரேன்."

ஆனால் கம்ப்யூட்டரின் இரண்டாம் பாதி வாசுதேவநல்லூரில் இருந்தது. அன்னக்கிளி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். இது ஒன்றும் திடீரென்று நடந்ததல்ல. வாய்க்கும் வயிற்றுக்குமாக எல்லார் கண் முன்னால்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். ஆனால் பாதுகாப்புத் திட்டத்தில் பிரசவத்துக்கு என்று பத்தி எதுவும் இல்லை. புதுப் பாஸ்வேர்டு வைக்க வேண்டுமானால் பழைய பாஸ்வேர்டை முழுசாக அடிக்க வேண்டும். மெட்ராஸுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "நாங்களே நினைத்தாலும் திறக்க முடியாது" என்று பெருமையாகப் பதில் வந்தது.

சங்கரபாண்டியன் ஆள் அனுப்பினார். பிள்ளை பிறந்து பதினாறு நாள் தீட்டு கழியுமுன்னே அன்னக்கிளி சொல்லி அனுப்பினாள்: "நானே பஸ்ஸேறி வந்து தட்டிக் குடுத்துட்டுப் போயிருதேன். பாவம், சீக்காளி மனுசன்."

அறிவுடைநம்பி துள்ளி எழுந்தார். "லீவுல இருக்கறவங்க பாதுகாப்பு விதிப்படி வெளியாள். வெளியாளைக் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள விடறதா? அப்புறம் எதுக்கு நான் இங்க இருக்கேன்?"

எதற்கு இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை முதல் பரீட்சை நடந்தது. வராந்தாவில் காத்திருந்த நெசவாளி ஒருவரை அறிவுடைநம்பி கூப்பிட்டு எதிரே நிறுத்தி, "இவர் யார்?" என்றார். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளத்துரைக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. பெயர், தகப்பனார் பெயர், தெரு, தறி எண்ணிக்கை, மூத்த மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தது வரை கடகடவென்று ஒப்பித்தார். நூற்றுக்குப் பூஜ்யம் கிடைத்தது. கூடவே ஒரு மெமோ.

அடுத்த வாரம் உஷாராக, "தெரியாது" என்றார். அறிவுடைநம்பி திருப்திப்படவில்லை.

"வாய் தெரியாதுங்குது. முகம் தெரியும்ங்குது. முகத்துக்கு அறுபது மார்க், ஞாபகம் வெச்சுக்குங்க. இல்ல, ஞாபகம் வெச்சுக்காதீங்க."

இரண்டாவது மெமோவில் 'வேலைநீக்கம்' என்ற வார்த்தை இருந்தது. வெள்ளத்துரை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழக ஆரம்பித்தார். புருவத்தை அசையாமல் வைப்பது, கண்ணை எதிராளியின் காதோரம் நிறுத்துவது, 'தெரியாது' என்பதை அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் சொல்வது. சாதத்தைப் போட்டுவிட்டு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் மனைவி பேச்சி கேட்டாள். "தெரியாது" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பேசிவிட்டுப் போன பிறகு, "அவரு பேரு என்னட்டி?" என்று வெள்ளத்துரை கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த வேலை நமக்கு வேண்டாம்யா," என்றாள்.

"வேற என்ன வேலை தெரியும் எனக்கு?" என்றார் வெள்ளத்துரை. அது பரீட்சைக்கான பதில் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பாதுஷா வந்துகொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் சட்டை ஒரு சுற்றுப் பெரிதாகித் தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் வெள்ளத்துரை கண்ணை அவருடைய காதோரம் நிறுத்தி, "யாரு நீங்க?" என்று கேட்பார். முதல் தடவை பாதுஷா சிரித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வெளையாடுதிய? நான் ராஜாவா வேசம் போட்டா வந்திருக்கேன்?"

"உறுப்பினர் எண் என்ன?"

"அது அட்டையிலல்லா இருந்துச்சு. நீங்கதான வச்சிருந்திய?"

பின்னாலிருந்து அறிவுடைநம்பியின் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. வெள்ளத்துரை, "கம்ப்யூட்டர் தெறந்ததும் வாங்க," என்று மட்டும் சொன்னார். பாதுஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "உங்களுக்கு உள்ள ஏதோ சங்கட்டம் போல. பரவாயில்ல அண்ணாச்சி. நான் பொறவு வாரேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். செத்துக்கொண்டிருக்கிறவன் தனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறானே என்று வெள்ளத்துரை நினைத்தார். அந்த நினைப்பு முகத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் எண்பது மார்க்.

அதற்கடுத்த பரீட்சையில் நூற்றுக்கு நூறு. கிளைகளிலேயே முதல் மார்க் என்று மெட்ராஸிலிருந்து பாராட்டு வந்தது. ஆபீஸ் ஊழியர்களைக் கூட்டி, சால்வை போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 'மேற்படி ஊழியருக்கு வாரிய உறுப்பினர் எவரையும் தெரியாது என இதனால் சான்றளிக்கப்படுகிறது. இவர் எவரையேனும் தெரியும் என்று கூறினால் அதை நம்ப வேண்டியதில்லை.' கீழே வெள்ளத்துரையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். யாரும் அவரிடம் போய்த் தகவல் கேட்டுவிடக் கூடாது என்று, போலீஸ் ஸ்டேஷன், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நகல் போயிற்று.

"ஒரு மனுஷனை இவ்வளவு சுத்தமா ஆக்க முடியும்னு நானே எதிர்பார்க்கல," என்றார் அறிவுடைநம்பி.

அந்தச் சால்வையை மடித்து வைப்பதற்குள் வாசலில் யாரோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. பாதுஷா படியில் குப்புறக் கிடந்தார். வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அறிவுடைநம்பி கம்ப்யூட்டர் அறைக் கதவுக்குக் குறுக்கே ஓடிப் போய் நின்றுகொண்டு, "யாரும் உள்ளே வராதீங்க!" என்று கத்தினார். உள்ளே போக யாரும் நினைக்கவில்லை. வெள்ளத்துரை ஒரு சைக்கிள் ரிக்ஷாவை நிறுத்தி, பாதுஷாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. வழியில் பாதுஷா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல உதடு அசைந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் கிடத்தியபோது மூச்சு இல்லை.

குறிப்பெடுக்கிற குமாஸ்தா வந்தார். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"ஆளு யாருவே?"

"தெரியாது," என்றார் வெள்ளத்துரை.

அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. அத்தனை பழக்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. புளியங்குடி பஸ் வந்தது, எலுமிச்சங்காய் மூட்டை வந்தது, மடித்து வைத்த துண்டு வந்தது, சிரித்த சிரிப்பு வந்தது. பெயர் மட்டும் வரவே இல்லை. சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவர் நின்றுகொண்டே இருந்தார். குமாஸ்தா 'அடையாளம் தெரியாத ஆண்' என்று எழுதி முடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மறுநாள் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் போட்ட சேலை முந்தானையைப் பல்லால் கடித்திருந்தாள்.

"அண்ணாச்சி, என்னைத் தெரியுதா? ரசீதா. நேத்து அவுக சான்று வாங்கப் போறேன்னு வந்தாக. ராவு வீட்டுக்கு வரல. இங்கன வந்தாகளா?"

பின்னால் அறிவுடைநம்பி பேனாவைத் திறந்தார். வெள்ளத்துரை கண்ணைக் காதோரம் நிறுத்தினார்.

"தெரியாதும்மா."

புருவம் அசையவில்லை. ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மேஜையில் சொட்டியது. ரசீதா அதைப் பார்த்தாள். படித்தவள் இல்லை, ஆனால் அந்த முகத்தை வாசிக்கப் படிப்பு தேவைப்படவில்லை.

"எங்கன?" என்று மட்டும் கேட்டாள்.

"பாதுஷா பாய்..." என்று வெள்ளத்துரைக்கு அப்போது பெயர் வந்தது. "பாதுஷா பாய் ஆஸ்பத்திரியில இருக்காரும்மா. வா, நான் வாரேன்."

"முகத்துக்கு அறுபது போச்சு," என்று அறிவுடைநம்பி பின்னால் சொல்வது கேட்டது. "வாய்க்கு நாற்பதும் போச்சு."

ஆஸ்பத்திரியில் அதே குமாஸ்தாதான். உடலைப் பார்த்து ரசீதா அழுது ஓய்ந்தபின், பொறுமையாக விளக்கினார். நேற்று உடலோடு வந்தவரே தெரியாது என்று சொல்லி, அது பதிவாகிவிட்டது. இன்றைக்கு ஓர் அம்மா வந்து புருஷன் என்றால் எப்படிக் கொடுப்பது? ரேஷன் கார்டில் பெயர்தான் உண்டு, முகம் கிடையாது. முகமும் பெயரும் சேர்ந்த அட்டை வேண்டும். வாரியத்தில் இருக்குமே?

"எரிச்சிட்டாங்க," என்றார் வெள்ளத்துரை. "எரிச்சா என்ன? நான் சொல்லுதேன். இவரு பாதுஷா. வாப்பா பேரு முகம்மது ஹுசைன். புளியங்குடி. எனக்கு நல்லாத் தெரியும்."

குமாஸ்தா மேஜை டிராயரிலிருந்து ஒரு நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்க ஆபீஸே எழுதியிருக்கு, உமக்கு யாரையும் தெரியாதுன்னு. தெரியும்னு சொன்னா நம்பாதீங்கன்னும் எழுதியிருக்கு. கீழ இருக்கது உம்ம கையெழுத்துதானே?"

"ஆமா."

"பொறவு?"

வெள்ளத்துரை அந்தக் காகிதத்தையும் ரசீதாவையும் மாறி மாறிப் பார்த்தார். கையைக் கூப்பினார். யாரைப் பார்த்துக் கூப்புகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"விடுங்க அண்ணாச்சி," என்றாள் ரசீதா. "அவுகளுக்கு உங்களைத் தெரியும். போன வாரங்கூடச் சொன்னாக, ஊரே மறந்தாலும் அண்ணாச்சி மறக்க மாட்டாருன்னு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஜமாஅத்தார் புளியங்குடியிலிருந்து வந்து இரண்டு நாள் அலைந்தார்கள். மேலாளர் சங்கரபாண்டியன், "என் பாதியை வேணும்னா இப்பவே சொல்லுதேன், நான் என்ன செய்ய?" என்று அழாத குறையாகக் கேட்டார். உடல் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு வைக்கவில்லை. கேட்க ஆளில்லாதவர்களைப் புதைக்கிற இடத்தில் அவரைப் புதைத்தார்கள். கேட்க அத்தனை ஆள்கள் ரோட்டில் வரிசையாக நின்று தொழுதார்கள். வரிசைக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளத்துரை நின்றார்.

அவரை வேலையைவிட்டு நீக்க அறிவுடைநம்பி துடித்தார். முடியவில்லை. ஊழியர் விவரமும் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

லீவு முடிந்து அன்னக்கிளி வந்தாள். இரண்டு பாதிகளும் சேர்ந்தன. கம்ப்யூட்டர் திறந்தது. பிரிண்டர் கரகரவென்று இழுத்து, நிலுவையில் இருந்த மனுக்களில் முதலாவதுக்கான சான்றைத் துப்பியது. எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. புளியங்குடி பாதுஷாவுக்குச் சானடோரியத்தில் கட்டில் அனுமதிக்கப்பட்டிருந்தது. அறிவுடைநம்பி அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இத்தனை மாசத்துல ஒரு எழுத்துகூட வெளியே போகல. பார்த்தீங்களா? இதுதான் பாதுகாப்பு. கூப்பிடுங்க வெள்ளத்துரை, விதிப்படி."

வெள்ளத்துரை சான்றை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"பாதுஷா," என்று கூப்பிட்டார். கொஞ்சம் நிறுத்தி, "பாதுஷா," என்றார். மூன்றாம் முறை குரல் உடைந்தது.

"வரலைன்னு எழுதிரும்வே," என்று சங்கரபாண்டியன் உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வெள்ளத்துரை நான்காம் முறை கூப்பிட்டார்.